முதுகுவலியும் மருந்து வணிகமும்

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கைகளால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தோன்றியது. முதுகுவலியோடு இன்று அச்சிகிச்சையை நாடுவோரிடையே வலிமாத்திரைக்கும் மதுவுக்கும் அடிமையானவர்களும் இருக்கின்றனர். ஒழுக்கம் தவறியவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடுவது எளிது. அந்த மாத்திரை அவர்கள் கைக்கு எவ்வாறு வந்தது என்று கேட்பதே நேர்மை.

சுரங்கத்திலும் கட்டுமானத்திலும் தேய்ந்த முதுகுகள் மருந்து நிறுவனங்களுக்குச் சந்தையாயின. அபின் வகை வலிமருந்தான ஆக்சிகான்டினை 1996இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பர்டியூ நிறுவனம், அதற்கு அடிமையாகும் அபாயம் குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்தது. 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியது. நிர்வாகிகள் எவரும் சிறை செல்லவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதியில், ஏறத்தாழ 400 பேரே வாழும் கெர்மிட் என்னும் சிற்றூரின் ஒரு மருந்துக்கடைக்கு ஈராண்டுகளில் 90 இலட்சத்தை நெருங்கும் வலிமாத்திரைகள் அனுப்பப்பட்டன.

கீழ்முதுகு வலிக்கு முதலில் உடற்பயிற்சி, முதுகெலும்புச் சீரமைப்பு போன்ற மருந்தில்லா முறைகளையே நாட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் பரிந்துரைத்தது. வரவேற்கத்தக்க பரிந்துரை. ஆயினும் அம்முறைகளுக்கு விடுப்பும் காப்பீடும் வேண்டும். ஒருநாள் கூலியையும் இழக்க இயலாதவர் மாத்திரையையே விழுங்குவார். எலும்பைச் சீர்செய்வதால் மட்டும் போதை நோய் தீர்ந்துவிடாது. வலிக்குச் சிகிச்சையளிப்போர், பழிக்காத குரலில் நோயாளியின் பழக்கங்களைக் கேட்டறிந்து போதை மீட்பு மருத்துவத்துக்கு அவரை அனுப்ப வேண்டும். திடீரென மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆபத்தானது.

நம் நாட்டிலும் மூட்டை சுமப்போரும் செங்கல் சூளைத் தொழிலாளரும் மருந்துக்கடை மாத்திரையால் வலியை அடக்கிக்கொண்டே மறுநாள் வேலைக்குச் செல்கின்றனர். டிராமடால் என்னும் வலிமருந்தை 2018இல் ஒன்றிய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. கட்டுப்பாடு தேவையே. ஆனால் சிகிச்சை எங்கே? மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருப்பதை, எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு காட்டியது.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வலிக்கும் போதை நோய்க்கும் கட்டணமில்லாச் சிகிச்சை, நோய்க்கால விடுப்புக்கு முழு ஊதியம், தலைச்சுமையின் எடைக்கு உச்சவரம்பு ஆகியவற்றைத் தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துப் போராட வேண்டும். போதையில் சிக்கிய தோழரைச் சங்கத்திலிருந்து விலக்காமல், மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்வதும் சங்கப் பணியே.