பெயின்ட்டை உரிக்கறதுக்கு முன்னாடி துருவை எண்ணிப் பாருங்க

இந்த நாலஞ்சு வருஷமா எங்க பக்கத்துக் கிராமங்களுக்குப் பட்டணத்துல இருந்து சில பேர் தேடி வர்றாங்க. நிலம் கேக்கல, மாடு கேக்கல. "பழைய அம்பாசிடர் ஏதாவது கெடக்குதுங்களா?"ன்னு கேக்கறாங்க. தாத்தா ஓட்டின வண்டி, அப்பா கல்யாணத்துக்கு வந்த வண்டின்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம். நல்ல ஆசைதான். 2014-ல உத்தரபாராவுல தயாரிப்பு நின்னு போன வண்டி. இருக்கறதைக் காப்பாத்தினாத்தான் உண்டு.

ஆனா வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையா பெயின்ட்டை உரிக்க ஆரம்பிச்சுடறாங்க. அங்கதான் எனக்கு மனசு ஒப்பல. துருவுக்கு முழுசா ஒரு திட்டம் போடாம பெயின்ட்டுல கை வைக்கக் கூடாதுங்கறது என் கருத்து. திட்டம் போட இப்ப நேரமோ காசோ இல்லையா, வண்டியை அப்படியே ஒரு கூரைக்கு அடியில நிறுத்தி வைங்க. பத்து வருஷம் கழிச்சுக்கூட அது வண்டியா இருக்கும்.

நான் மெக்கானிக் இல்லீங்க, விவசாயி. என் மச்சான் டிங்கரிங் பட்டறை வச்சிருக்கார். தோட்டத்துல வேலை இல்லாத நாள்ல அங்கதான் என் பொழுது போகும். இன்னொண்ணு, டிரெய்லரும் கலப்பையும் வச்சிருக்கறவனுக்கு இரும்பும் தண்ணியும் சேந்தா என்ன ஆகும்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். பெயின்ட்ல குமிழ் விட்டிருக்கற இடம் துருவோட ஆரம்பம் கிடையாது, அது முடிவு. துரு உள்ளுக்குள்ள இருந்து தின்னுக்கிட்டே வந்து, கடைசியாத்தான் வெளியில தலை காட்டும். கால் வைக்கற தரைத் தகடு, கதவுக்குக் கீழ பெட்டி மாதிரி நீளமா ஓடற தகடு, சக்கரத்து மேல இருக்கற வளைவு, கதவோட அடி விளிம்பு, பேட்டரி உக்கார்ற தட்டு, டிக்கியோட தரை, இதெல்லாம் அதுக்குப் பிடிச்ச இடம். கிராமத்து வண்டின்னா இன்னும் மோசம். டிக்கியில பொட்டாஷ் மூட்டை ஏத்தியிருப்போம். பொட்டாஷ்ங்கறது ஒரு உப்புதானே? சிந்தின பொடி ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டு தகட்டை அரிக்கும். உப்புத் தண்ணி போர்ல கழுவியிருப்போம். மண் தரையில வருஷக்கணக்கா நிறுத்தியிருப்போம். மேல பளபளன்னு இருக்கற வண்டிக்கு அடியில ஓட்டை இருக்கறது அதனாலதான்.

அம்பாசிடருக்கு, ஜீப் மாதிரி, தனி சேசிஸ் கிடையாது. இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் வரிசை வண்டியோட அமைப்பு அது. பாடியேதான் எலும்புக்கூடு. தரையும் கதவுக்கடியில ஓடற பெட்டியும்தான் வண்டியைத் தாங்குது. அதை ஒரே சமயத்துல ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்தா, நடு வீட்டுத் தூணை உருவின மாதிரி வண்டி தொய்யும். அப்புறம் கதவு சாத்தாது. அதனால தகடு வேலைன்னா கதவை மாட்டி வச்சு, அடியில சரியான இடத்துல முட்டுக் கொடுத்து, கதவு இடைவெளியைப் பாத்துப் பாத்து, ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம் போகணும். எத்தனை இடத்துல வெட்டு வரும்னு தெரியாம பெயின்ட்டை உரிச்சவருக்கு இது எப்படித் தெரியும்?

எங்க ஊர்ல எண்பதுகள்ல ஒரே ஒரு அம்பாசிடர்தான். ராத்திரி பிரசவ வலி வந்தா, பாம்பு கடிச்சா, அந்த வண்டி வீட்டு வாசல்லதான் போய் நிப்போம். அந்த வீட்டுப் பேரன் பட்டணத்து வேலையில இருக்கார். ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளி லீவுல வந்து, ஆள் வச்சு அஞ்சே நாள்ல வண்டி முழுக்க பெயின்ட்டை உரிச்சார். தகடு வெள்ளி மாதிரி மின்னுச்சு. லீவு முடிஞ்சு போயிட்டார். ஐப்பசி மழை விடல. ஒரே வாரத்துல வண்டி முழுக்க செம்மண் நிறம். அவசரத்துக்கு ரெட் ஆக்சைடு அடிச்சு வேப்ப மரத்தடியில விட்டாங்க. பிரைமர் மட்டும் தண்ணியைத் தடுக்காதுங்க, ஈரத்தை உள்ள விடும். இப்ப கூரைத் தகடுகூட பொரிஞ்சு கெடக்குது. நாப்பது வருஷம் நல்லா இருந்த கூரை அது. அந்தப் பேரனைத் திட்ட எனக்கு வாய் வரல. பாட்டன் மேல இருந்த பாசத்துல செஞ்சார். பாசத்தோட ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் சேந்திருக்கணும்.

"உரிச்சுப் பாத்தாத்தானே துரு எங்கன்னு தெரியும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா முக்கால்வாசி உரிக்காமலே தெரியும். சீட்டையும் தரை விரிப்பையும் கழட்டுங்க. அடியில ஒட்டின மண்ணைச் சுரண்டிக் காய விடுங்க. ஸ்க்ரூ டிரைவர் முனையால தட்டிக் குத்திப் பாருங்க, உளுத்த தகடு உள்ள போயிடும். மெல்லிசு துணியில காந்தத்தைச் சுத்தி பாடி மேல நகத்துங்க. ஒட்டாத இடத்துல தடிமனா பட்டி இருக்கு, அதுக்கு அடியில பழைய அடியோ துருவோ இருக்கு. வண்டியைப் படமா வரைஞ்சு ஒவ்வொண்ணையும் குறிச்சு வைங்க. அப்புறமும் சந்தேகம் இருக்கற இடத்துல மட்டும் உள்ளங்கை அளவு உரிச்சுப் பாத்தாப் போதும்.

அந்தப் படத்தை டிங்கர்கிட்ட காட்டி, எந்தத் தகடு கிடைக்கும், எதைக் கையால மடிச்சுச் செய்யணும்னு கேளுங்க. காசை முதல்ல தகடு வேலைக்கு ஒதுக்குங்க, கலர் கடைசி. தை பொறந்து ஆரம்பிச்சு வெயில் காலத்துலயே முடிக்கற மாதிரி வைங்க. ஒரு நாள்ல எவ்வளவு சுத்தம் பண்ணி பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவுதான் அன்னிக்கு உரிக்கணும். களை எடுத்த அன்னிக்கே உரம் வைக்கற மாதிரி. வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் டாங்கைக் கழட்டித் தூர வைக்கறதும், பேட்டரி வயரை எடுக்கறதும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஆனாலும் சொல்றேன்.

உரிக்கற முறையையும் இடம் பாத்துத் தேர்ந்தெடுக்கணும். மணல் வீசி உரிக்கறது அச்சு, பட்டை மாதிரி தடிச்ச இரும்புக்குச் சரி. பானெட், கூரை, கதவு மாதிரி மெல்லிசு தகட்டை அது நெளிச்சுடும். கெமிக்கல் ரிமூவர் சீக்கிரம் வேலை செய்யும், ஆனா தகடு சேர்ற மடிப்புக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு, புது பெயின்ட்டை அப்புறம் கீழ இருந்து கிளப்பும். அதனால மடிப்புகிட்ட கையாலதான். கிரைண்டர்ல அழுத்தி ஓட்டினா தகடு சூடேறி வளையும். உப்புத்தாள்தான் மெதுவான வேலை, ஆனா கெடுதல் கம்மி. கெட்டியா ஒட்டியிருக்கற பழைய பெயின்ட்டை எதுக்கு உரிக்கணும்? லேசாத் தேச்சு அது மேலயே அடிக்கலாம். அது இத்தனை வருஷம் தகட்டைக் காத்த கவசம்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பெருசு. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். மணல் தூசி நுரையீரலைக் கல்லாக்கற நோயைக் கொடுக்கும். வண்டி உங்களுது, மூச்சு அந்தப் பையனோடது. நாள் கூலிக்கு வர்ற பையன் மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு தேய்க்கறான். துண்டு போதாது. நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்க, ஈரம் பண்ணித் தேய்க்கச் சொல்லுங்க, ஈரம் பட்ட தகட்டை உடனே துடைச்சுக் காய வைங்க. குழந்தைங்க விளையாடற இடத்துலயும் ஆடு கோழி மேயற இடத்துலயும் இந்த வேலை வேண்டாம். அந்தத் தூசி மண்ணுல கெடந்து எங்ககிட்டத்தான் தங்கும்.

50 வருஷம் தாண்டின வண்டிகளை விண்டேஜ்னு பதிவு பண்ண 2021-ல மத்திய அரசு தனி விதி கொண்டு வந்திருக்கு. சேசிஸ், பாடி, இன்ஜின் இதுல எல்லாம் பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. அதனால எங்க வெட்டினோம், எதை வச்சு மூடினோம்னு ஒவ்வொரு படியிலயும் போட்டோ எடுத்து வைங்க. பழைய வடிவம் மாறாம வேலை நடக்கணும்.

இவ்வளவு கணக்குப் போட்டா ஆசையே போயிடும்னு சிலர் சொல்றாங்க. கணக்குப் போட்டதும் போயிடற ஆசைன்னா போகட்டுங்க, வண்டியாவது பிழைக்கும். கணக்குப் போட்ட பிறகும் நிக்கற ஆசை இருக்கறவங்க வாங்க. பட்டறைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். வரும்போது காந்தமும் நோட்டும் கொண்டு வாங்க, உப்புத்தாள் அப்புறம் வாங்கிக்கலாம்.