எடுக்கக்கூடிய மிச்சம் 480 ரூபா

கிராண்ட்பாஸில் எங்கள் வீதியில் இருக்கிற சில்லறைக் கடையில், ரீலோட் கார்ட் தொங்கவிட்ட கம்பிக்குப் பக்கத்தில் ஒரு மட்டை தொங்குகிறது. மார்க்கர் பேனையால் மூன்று மொழியிலும் எழுதியிருக்கு: கார்ட் 1000 ரூபாவுக்கு மேல் மட்டும். தமிழில் 'மட்டும்' என்பதில் ஒரு ட் விழுந்துபோயிருக்கிறது. இரண்டு வருஷமாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் சாமான் வாங்கினோம். அந்த மட்டையைப் பற்றி யோசித்ததே இல்லை.

போன மாதம் எங்களில் ஒருத்தி இரவு எட்டரைக்கு அந்தக் கடையில் நின்றாள். தேவைப்பட்டது ஒரு பக்கெட் பேடும் ஒரு கார்ட் பெனடோலும். (அந்தக் கார்ட்டுக்குக் குறைந்தபட்சம் கிடையாது.) மொத்தம் 430 ரூபா. கையில் பஸ் காசு போக நூற்றிருபது. கணக்கில், வங்கி தொடவிடாத இருப்பைக் கழித்தால், எடுக்கக்கூடிய மிச்சம் 480 ரூபா. மஹாபொல இன்னும் விழவில்லை. ஆமர் வீதிப் பக்கம் நடந்தால் ஏடிஎம் இருக்கு, ஆனால் அது 500 ரூபாத் தாளுக்குக் கீழே ஒன்றும் தராது. ஆக அந்த 480 ரூபா அவளுடைய காசு, அதை அவள் தொடக்கூடிய ஒரே வழி கார்ட்டை மெஷினில் போடுவது, அந்த வழிக்கு வாசலில் 1000 ரூபா என்று எழுதியிருக்கு.

கடைக்கார நானா என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் பீடத்தில் நடந்த சண்டை.

அடுத்த நாள் கன்டீனில் இதைச் சொன்னதும் ஒரு நண்பன் கொதித்துப்போனான். "அது சட்டவிரோதம், கடைப் பெயரைப் போட்டு வங்கிக்கு முறைப்பாடு அனுப்புவோம்" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. விசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி, அமெரிக்கா போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, கார்ட் வாங்கச் சம்மதித்த கடை இவ்வளவுக்கு மேல்தான் என்று வரம்பு போடக் கூடாது. கார்ட்டில் குடுத்தால் இரண்டரை வீதம் கூட என்று சில கடைகள் கேட்கிறதே, அதுவும் கூடாது என்று மத்திய வங்கி பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. வங்கியோடு செய்த ஒப்பந்தத்தை மீறுகிற வேலை அது. சரி. முறைப்பாடு போடுவோம். வங்கி வந்து விசாரிக்கும். நானா மெஷினைக் கழற்றிக் கையில் குடுத்துவிடுவார். அதற்குப் பிறகு 480 ரூபாக்காரிக்கும் வழி இல்லை, 1480 ரூபாக்காரிக்கும் வழி இல்லை. விதி மட்டும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

இந்த நகரத்தில் கார்ட் வரம்பைப் பற்றி எரிச்சல் வரும்போதெல்லாம் கோபம் போய் விழுவது மூலைக்கடையின் மேல்தான். கள்ளன், வரி ஏய்க்கிறான், கணக்கில் காட்டாமல் இருக்கத்தான் காசு கேட்கிறான். இந்த வரிக் கதையை மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமே. 2024 ஜனவரியில் வற் வரியை 18 வீதமாக ஏற்றினபோது, பதிவு செய்யவேண்டிய வருடாந்த வியாபார எல்லையை எட்டுக் கோடியிலிருந்து ஆறு கோடி ரூபாவாக இறக்கினார்கள். ஆறு கோடி என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். எங்கள் வீதிக் கடையில் ஒரு நாளைக்கு அவ்வளவு விற்றால் நானா இந்நேரம் வீதியைக் கடந்து போய் எதிர்க் கட்டடத்தையும் வாங்கியிருப்பார். எல்லையைப் பாதியாக இறக்கினாலும் அவர் அகப்பட மாட்டார். புறக்கோட்டையில் மொத்தமாக விற்கிறவர்களில் யாராவது ஒளிக்கலாம். அவர்களைப் பிடிக்க வேறு கதவு இருக்கு, போய்த் தட்டட்டும்.

அதற்காக நானா சொல்வதை அப்படியே விழுங்கவும் நாங்கள் தயாராக இல்லை. நேரே போய்க் கேட்டோம்.

"நூத்துக்கு ரெண்டரை வெட்டுறான் மகள். மிஷினுக்கு மாச வாடகை வேற. உங்கட 430 ரூபாவுல எனக்கு மிஞ்சுறது நாப்பது ரூபா. அதுல பதினொரு ரூபா பேங்க்குக்கு."

கேட்க நியாயமாக இருக்கு. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் இடிக்கிறது. இரண்டரை வீதம் 430க்கும் இரண்டரை வீதம், 1000க்கும் இரண்டரை வீதம். 1000 ரூபா வியாபாரத்தில் வங்கி 25 ரூபா எடுக்கும். லாபத்தில் கிட்டத்தட்ட அதே கால்வாசி. பிறகு எதற்கு வரம்பு? திரும்பப் போனோம். இந்த முறை நானா சிரித்துவிட்டு உள்ளதைச் சொன்னார். காலையில் பாண் கொண்டு வருகிற த்ரீவீல்காரருக்கு அந்த இடத்திலேயே காசு வைக்க வேண்டும். மெனிங் சந்தையில் மரக்கறி எடுக்கக் காசு வேண்டும். முட்டைக்காரர் கார்ட் எடுக்க மாட்டார். மெஷினில் விழுந்த காசு கணக்குக்கு வர அடுத்த நாள், லீவு வந்தால் அதற்கும் அடுத்த நாள். பகல் முழுக்க ஆளாளுக்கு 150க்கும் 200க்கும் கார்ட் நீட்டினால் பின்னேரம் லாச்சியில் ஒன்றும் இருக்காது. அதுபோக ஆயிரத்துக்கு எடுக்கிற ஆள் பால்மாவோடு நிற்பதில்லை, சோப்பும் ஷாம்புவும் மிளகாய்த்தூளும் சேர்த்து எடுப்பார், அதில்தான் நாலு காசு பார்க்கலாம். பால்மாவில், பிஸ்கட்டில் விலை அச்சடித்து வருகிறது. ஐந்து ரூபா கூட வைத்தாலும் நுகர்வோர் அதிகார சபை பிடிக்கும். பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அச்சடித்த அந்த விலைக்குள்ளே வங்கியின் இரண்டரை வீதத்துக்கு யார் இடம் விட்டது?

இதுதான் எங்கள் பிரச்சினை. பொருளின் விலைக்கு அரசாங்கம் கூரை போட்டிருக்கு. கடைக்காரரின் லாபம் அந்தக் கூரைக்குக் கீழே. அதே பரிமாற்றத்தில் வங்கி எடுக்கிற பங்கு கடைக்கு ஒரு மாதிரி, சுப்பர்மார்க்கெட்டுக்கு ஒரு மாதிரி, பேரம் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு மாதிரி. பெரிய சங்கிலிக் கடை வங்கியைக் கூப்பிட்டு வைத்துப் பேசும். நானா யாரோடு பேசுவது? படிவத்தில் போட்டிருந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்து வைத்தார், அவ்வளவுதான்.

சுப்பர்மார்க்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. சனி ஞாயிறு பத்திரிகையைத் திறந்தால் கிரெடிட் கார்ட்டுக்கு 20 வீதக் கழிவு, 25 வீதக் கழிவு. கீழே பொடி எழுத்தில் பாருங்கள்: பில் இத்தனை ஆயிரத்துக்கு மேல் இருந்தால் மட்டும். அதுவும் குறைந்தபட்சத் தொகைதானே? அந்த வரம்பைப் பார்த்து யாரும் கள்ளன் என்று கத்துவதில்லை, அதைச் சலுகை என்கிறார்கள். மாதச் சம்பளச் சீட்டைக் காட்டிக் கிரெடிட் கார்ட் எடுத்தவர் அங்கே காய்கறியில் கால்வாசி விலையை மிச்சம் பிடிக்கிறார். அந்தக் கழிவுக்கான காசு வானத்திலிருந்து விழவில்லை. கார்ட் வியாபாரம் முழுவதிலும் வாங்குகிற கட்டணங்களும், கடன் கட்டப் பிந்தினவர்கள் கட்டுகிற வட்டியும் போகிற பெட்டி ஒன்றுதான். எங்கள் நானாவின் பதினொரு ரூபாவும் அந்தப் பெட்டியில்தான் விழுகிறது. கிராண்ட்பாஸ் கொழும்பு ஏழுக்குக் கழிவு குடுக்கிறது என்று நாங்கள் சொன்னால் மிகைப்படுத்துகிறோம் என்பீர்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் காசு ஓடுகிற திசை அது.

மட்டையில் 'கார்ட்' என்று ஒரே சொல்தான் இருக்கு. டெபிட் கார்ட் எங்கள் சொந்தக் காசு, அந்த நிமிஷமே கணக்கிலிருந்து போகிறது. வங்கி யாருக்கும் கடன் குடுக்கவில்லை, புள்ளி தரவில்லை, ஆபத்து எடுக்கவில்லை. கிரெடிட் கார்ட் அப்படியல்ல. அமெரிக்காவில் 2010இல் நிறைவேற்றின டொட்-ஃபிராங்க் சட்டம்கூட இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது: கடைகள் 10 டொலர் வரை குறைந்தபட்சத் தொகை வைக்கலாம், ஆனால் கிரெடிட் கார்ட்டுக்கு மட்டும், டெபிட்டுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, கார்ட் தந்த வங்கிக்குப் போகிற பங்கை டெபிட்டுக்கு 0.2 வீதம், கிரெடிட்டுக்கு 0.3 வீதம் என்று வெட்டியது. நானாவின் வங்கிச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். அதில் டெபிட், கிரெடிட் என்று பிரிவே இல்லை. ஒரே வீதம். அவர் மட்டையில் மட்டும் எப்படிப் பிரித்து எழுதுவார்?

லங்கா க்யூஆர் இருக்கே என்று கேட்பீர்கள். இருக்கு. மத்திய வங்கி கொண்டுவந்தது, கார்ட்டை விடக் குறைந்த கட்டணம். கடைக் கண்ணாடியில் ஸ்டிக்கரும் இருக்கு, வெயிலில் வெளுத்து, மேலே சோடா விளம்பரம் ஒட்டி. நாங்கள் ஒரு தடவை அதில் கட்டினோம். எங்கள் போனில் கட்டியாகிவிட்டது, நானாவின் போனுக்கு மெசேஜ் வரவில்லை. பின்னால் ஐந்து பேர் பாணுக்கு நிற்கிறார்கள். அவர் எங்களை நம்பினார், அடுத்தவரை நம்புவாரா தெரியாது. இந்தியாவில் கடை மேசையில் சின்னப் பெட்டி ஒன்று இத்தனை ரூபா வந்தது என்று அந்தந்த மொழியில் கத்துகிறது, அது போதும். அங்கே 2020 ஜனவரி 1 முதல் யூபிஐக்கும் ரூபே டெபிட்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணம் அறவிடக் கூடாது என்றாகிவிட்டது. சும்மா ஒன்றும் நடக்கவில்லை. சின்னக் கடைகளில் 2000 ரூபா வரையான யூபிஐ பரிமாற்றங்களுக்காக வங்கிகளுக்கு 0.15 வீதம் அரசாங்கம் கட்டியது. 2024-25க்கு 1500 கோடி இந்திய ரூபா ஒதுக்கினார்கள். யாரோ கட்டத்தான் வேண்டும். தேநீர்க் கடைக்காரர் கட்டவேண்டாம் என்று அங்கே முடிவெடுத்தார்கள்.

இதில் எங்களுக்கு எரிகிற இடம் ஒன்று இருக்கு. 2024 பெப்ரவரி 12ஆம் திகதி மோடியும் ரணிலும் காணொளியில் தோன்றி இலங்கையில் யூபிஐயைத் தொடக்கிவைத்தார்கள். சென்னையிலிருந்து சுற்றுலா வருகிறவர் தன்னுடைய இந்தியக் கணக்கிலிருந்து லங்கா க்யூஆரை ஸ்கேன் பண்ணி இங்கே கட்டலாம். நல்லது, வரட்டும், கட்டட்டும். டொலர் இல்லாமல் பெற்றோல் வரிசையில் படுத்துக் கிடந்த நாடு இது, எங்களுக்கும் தெரியும். ஆனால் சுற்றுலாப் பயணியின் போனுக்கு இரண்டு நாடுகளின் தலைவர்கள் வந்து பாதை திறந்தார்கள். கிராண்ட்பாஸ் பிள்ளையின் 480 ரூபாவுக்குப் பாதை திறக்க ஒரு சுற்றுநிருபம் போதும். 1000 ரூபாவுக்குக் குறைந்த டெபிட், க்யூஆர் பரிமாற்றங்களுக்குச் சின்னக் கடையிடம் கட்டணம் எடுக்காதே. காசை அன்றன்றே பின்னேரத்துக்குள் கணக்கில் போடு. மெஷின் வாடகையை எடுத்துவிடு. இதில் எதற்கும் செயற்கைக்கோள் விடத் தேவையில்லை. இதைச் செய்த பிறகும் ஒரு கடை மட்டையைத் தொங்கவிட்டால், எங்கள் நண்பனோடு சேர்ந்து நாங்களும் முறைப்பாட்டில் கையெழுத்து வைப்போம்.

மாணவர்களுக்கு மட்டும் உள்ள கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். கடைகளில், கம்பனிகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் இப்போது கணக்கில்தான் விழுகிறது. எங்கள் தோட்டத்தில் மாதம் 25ஆம் திகதிக்குப் பிறகு பாதிக் கணக்குகளில் மூன்று இலக்கம்தான் நிற்கும். 1000 ரூபா வரம்பு மாதத்தின் முதல் பத்து நாளில் யார் கண்ணிலும் படாது. கடைசி ஐந்து நாளில் அது ஒரு சுவர்.

அன்றைக்கு இரவு நானா கார்ட்டைத் திருப்பிக் குடுத்தார். பேடையும் பெனடோலையும் பழைய பத்திரிகையில் சுற்றிக் கையில் வைத்தார். மேசைக்குக் கீழே இருந்து நீலக் கொப்பியை எடுத்து, "பேர் சொல்லுங்க" என்றார். அந்தக் கொப்பியில் வட்டி இல்லை, சம்பளச் சீட்டுக் கேட்பதில்லை, பதினைந்து ரூபா தீப்பெட்டியையும் எழுதலாம். எங்களுக்குப் பெரிய மனசு என்றுதான் பட்டது. அவளுக்கு அப்படிப் படவில்லை. சொந்தக் காசு சட்டைப் பையில் இருக்கும்போது, கடைக்குள்ளே நாலு ஆம்பிளைகள் நிற்க, பேருக்கு எதிரே இன்ன சாமான் என்று எழுதிக் கடன்காரியாக வெளியே வந்ததைப் பற்றி அவள் இரண்டு நாள் பேசவே இல்லை. மஹாபொல விழுந்த அன்று போய் 430ஐக் காசாகவே கட்டினாள். நானா அந்த வரியை வெட்டினார். சாமானின் பெயர் இன்னும் வாசிக்கத் தெரிகிற மாதிரித்தான் வெட்டியிருந்தார், பேனையை வாங்கி அவளே இன்னொரு தடவை அழுத்தி வெட்டினாள்.