மாத்தத் தெரியலேன்னா கத்தணும்!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. பொட்டி தட்டாதவங்க பயந்து ஓடிட வேணாம், புரியற மாதிரியே சொல்லப் பார்க்கிறேன். :-)

ஒரு ஆபீஸ்ல எல்லாரோட ஹோம் டைரக்டரியும் ஒரு பெரிய சர்வர்ல இருக்குன்னு வைங்க. ஒவ்வொரு மெஷின்லயும் எல்லா டைரக்டரியையும் எந்நேரமும் மவுண்ட் பண்ணி வச்சிருக்கறது வீண் வேலை. அதுக்காகத்தான் 80களின் கடைசியில சன் மைக்ரோசிஸ்டம்ஸ்காரங்க ஆட்டோமவுண்ட்டர்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. யாராவது டைரக்டரிக்குள்ள போனாத்தான் மவுண்ட் ஆகும். கொஞ்ச நேரம் யாரும் தொடலைன்னா தானாவே கழண்டுக்கும். எந்தப் பேருக்கு எந்த சர்வர், எந்த டைரக்டரி, என்னென்ன ஆப்ஷன் - இதையெல்லாம் எழுதி வைக்கிற ஃபைலுக்குப் பேர் மேப்.

அதே காலகட்டத்துல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஜான்-சைமன் பெண்ட்ரி 'ஏஎம்டி'ன்னு இன்னொரு ஆட்டோமவுண்ட்டர் எழுதினார். செய்யற வேலை ஒண்ணுதான், மேப் எழுதற விதம் மட்டும் வேற. பின்னாடி லினக்ஸ்ல வந்த ஆட்டோஎஃப்எஸ், சன் வழியைப் பிடிச்சுக்கிச்சு. ஆக, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறவங்களுக்கெல்லாம் மேப்பை மாத்துற ஆணி ஒண்ணு காத்திருக்கும். ஏஎம்டியோட வாரிசான ஏஎம்-யூட்டில்ஸ் தொகுப்புலயே இதுக்கு ரெண்டு பெர்ல் ஸ்கிரிப்ட் உண்டு. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு.

இந்த வேலையை யார்கிட்ட சொன்னாலும் வர்ற பதில், "இதென்ன பிரமாதம், பெர்ல்ல இருபது வரி". உண்மைதான், நூத்துக்குத் தொண்ணூறு வரிக்கு அது போதும். என் கருத்து மிச்சம் இருக்கிற பத்து வரியைப் பத்தினது. மாத்தத் தெரியாத வரி வந்தா ஸ்கிரிப்ட் ஊகிக்கக் கூடாது, சும்மா தாண்டியும் போகக் கூடாது. அங்கயே நின்னு கத்தணும்.

ஏன் இவ்வளவு கறாரா இருக்கணும்னா, அந்தப் பத்து வரி எப்படியெல்லாம் இருக்கும்னு பாருங்க.

முதல் கேஸ். ஏஎம்டி மேப்போட தலையில '/டிஃபால்ட்ஸ்'னு ஒரு வரி இருக்கும். கீழ இருக்கிற எல்லாத்துக்கும் அதுல சொன்ன ஆப்ஷன் பொருந்தும். வரிவரியா படிக்கிற ஸ்கிரிப்ட் இதைக் கண்டுக்காம விட்டா, 'படிக்க மட்டும்'னு பூட்டி வச்ச டைரக்டரி எழுதற மாதிரி திறந்துடும். 'நோசூயிட்'னு பாதுகாப்புக்குப் போட்டது காணாமப் போயிடும். இதுல இன்னொரு சூட்சுமம் வேற. தனி வரியில ஆப்ஷன் கொடுத்தா அது டிஃபால்ட் ஆப்ஷனோட சேராது, அதை மொத்தமா தள்ளிட்டு உக்காந்துக்கும்.

ரெண்டாவது கேஸ். ஏஎம்டில நிபந்தனை வைக்கலாம். "இந்த மெஷினா இருந்தா உள்ளூர் டிஸ்க்குக்கு லிங்க் கொடு, இல்லைன்னா நெட்வொர்க்ல போய் எடு"ன்னு == போட்டு, நடுவுல || போட்டு ஒரே வரியில எழுதிடுவாங்க. சன் வகையில இதை அப்படியே எழுத வழியில்லை. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிற ஸ்கிரிப்ட், எல்லா மெஷினையும் அதோட சொந்த டிஸ்க்குக்கு அனுப்பிடும். அங்க அதே பேர்ல ஒரு காலி டைரக்டரி இருந்துட்டா எர்ரர்கூட வராது.

மூணாவது கேஸ்தான் எனக்கு ரொம்ப முக்கியம். சன் மேப்புல * போட்டு ஒரு வரி, அதுல & போட்டா ஊருக்கெல்லாம் ஹோம் டைரக்டரி ரெடி. இதை 2010-ல வந்த சிஸ்டம்டியோட ஆட்டோமவுண்ட் யூனிட்டா மாத்தணும்னா, அங்க நட்சத்திரக் குறியே கிடையாது. ஒவ்வொரு டைரக்டரிக்கும் தனித்தனி ஃபைல். சரின்னு இன்னிக்கு இருக்கிற யூசர் லிஸ்ட்டை எடுத்து ஸ்கிரிப்ட் விரிச்சு எழுதிடும். எல்லாம் வேலை செய்யும், டெஸ்ட்டும் பாஸ். அடுத்த திங்கக்கிழமை சேர்ற புதுப் பொண்ணுக்கு மட்டும் ஹோம் டைரக்டரி இருக்காது. "யார் வந்தாலும்" அப்படிங்கிற விதி, "இவங்க மட்டும்" அப்படிங்கிற பட்டியலா சுருங்கிடுச்சு. இந்த இடத்துல ஸ்கிரிப்ட் சொல்ல வேண்டிய நேர்மையான பதில் "முடியாது" என்பதுதான்.

"தப்பா இருந்தா தெரிஞ்சிடப் போகுது, அப்ப திருத்திக்கலாமே"ன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கலே. ஆட்டோமவுண்ட் சோம்பேறி, அதோட பெருமையே அதுதான். தொட்டாத்தான் எழுந்திரிக்கும். அதனால தப்பான வரியும் தூங்கிட்டேதான் இருக்கும். வருஷக் கணக்கு முடிக்க மார்ச் கடைசியில மட்டும் தொடற டைரக்டரி ஒண்ணு இருந்தா, ஜூன்ல மாத்தின மேப்போட தப்பு ஒன்பது மாசம் கழிச்சுத்தான் எழுந்திரிக்கும். அதுக்குள்ள ஸ்கிரிப்ட் எழுதினவர் வேற கம்பெனிக்குப் போயிருப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு மாட்டிக்கிறது கணக்குப் பிரிவுல உக்காந்திருக்கிற ஒரு அக்கா. அவங்களுக்கு மேப்னா என்னன்னே தெரியாது.

"மாத்தவே வேணாமே, 2014-ல வந்த ஆட்டோஎஃப்எஸ் 5.1 ஏஎம்டி மேப்பை நேரடியாவே படிக்குதே"ன்னு சிலர் சொல்றாங்க. நியாயமான பேச்சு. அவசரத்துக்கு நல்ல வழி. ஆனா ஏஎம்டியோட எல்லா அம்சமும் அதுல இல்லை. அதோட, பழைய வகையைப் படிக்கத் தெரிஞ்ச ஆளுங்க வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. ஒருநாள் மாத்தித்தான் ஆகணும்.

அப்ப எப்படி மாத்தறது? நான் சொல்றது இவ்வளவுதான்.

ரெண்டு மேப்பையும் பேர், சர்வர், பாதை, ஆப்ஷன்னு விரிச்சு ஒரு பொதுப் பட்டியலாக்கி, பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. ஆட்டோஎஃப்எஸ்ல 'ஆட்டோமவுண்ட் -எம்'னு கொடுத்தா, அது என்ன புரிஞ்சுக்கிச்சுன்னு அதுவே கொட்டிடும். எந்த ஆப்ஷனைத் தூக்கினாலும் காரணம் பக்கத்துல வரணும். உதாரணத்துக்கு 'இன்ட்ர்' ஆப்ஷனை லினக்ஸ் கெர்னல் 2.6.25-லேர்ந்து, அதாவது 2008-லேர்ந்து, கண்டுக்கிறதே இல்லை. தூக்கலாம், ஆனா சொல்லிட்டுத் தூக்குங்க. கமெண்ட் வரிகளைத் தயவுசெஞ்சு தூக்காதீங்க. "இதைத் தொடாதே"ன்னு எவரோ எழுதி வச்சது சும்மா இருக்காது. கடைசியா, புது மேப் ஃபைலுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷன் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஆட்டோஎஃப்எஸ் அதை மேப்பா படிக்காம புரோகிராமா ஓட்டப் பார்க்கும்!

இதெல்லாம் முடிஞ்சப்புறம் ஒவ்வொரு பேரையும் ஒரு தடவை தட்டி எழுப்பிப் பாருங்க. ஒரு ஃபார் லூப், ஒரு 'எல்எஸ்', அவ்வளவுதான் செலவு.

"990 வரி மாத்தியாச்சு, 10 வரியில நின்னுட்டேன், வந்து பாரு"ன்னு சொல்ற ஸ்கிரிப்ட்டை மேனேஜருக்குப் பிடிக்காது. "1000 வரியும் சக்சஸ்"னு சொல்றதைத்தான் பிடிக்கும். ஆனா மார்ச் மாச ராத்திரில அந்த அக்காவைக் காப்பாத்தறது முதல் ஸ்கிரிப்ட்தான். என் ஓட்டு அதுக்கே. உங்க ஓட்டு எதுக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: பெர்லா பைத்தானான்னு சண்டை போடறவங்க தயவுசெஞ்சு தனிப் பதிவு போட்டுக்கவும். :-)