மணலில் ஈரம் இல்லை



நாய், பூனை பற்றி நீங்கள் எழுதும் கடிதங்களில் ஒரு வார்த்தை அடிக்கடி வருகிறது: ‘பழிவாங்குகிறது.’ இத்தனை நாள் ஒழுங்காக இருந்த பூனை மெத்தையில் சிறுநீர் கழிக்கிறதாம். ஐந்து வருடமாகச் சாதுவாக இருந்த நாய், தலையைத் தடவப் போனால் உறுமுகிறதாம்.

அவை பழிவாங்கவில்லை. பெரும்பாலும் எங்கோ வலிக்கிறது.

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை ஒருநாள் காலையிலிருந்து மணல் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. முதுகை வளைத்து உட்காரும், முக்கும், ஈனமாகக் கத்தும், இறங்கிவிடும். மலச்சிக்கல் என்றே நினைத்துவிட்டோம். சாயங்காலம் அம்மாதான் மணலைக் கிளறிப் பார்த்தார். எங்கும் ஈரமே இல்லை. “இது ஒண்ணுக்கே போகலையேம்மா, கிளம்பு” என்றார்.

டாக்டர் அடிவயிற்றைத் தொட்டதுமே சொல்லிவிட்டார். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். பொடிப்பொடியான உப்புப் படிகங்களும் சளியும் சேர்ந்தால் அது அடைத்துக்கொள்ளும். தேங்கிய சிறுநீரால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் தடுமாறும். ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். காலை வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் நோய் இல்லை இது.

உறுமும் நாய்க்கு முதலில் காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். துர்நாற்றமும் பழுப்பு அழுக்கும் இருந்தால் அங்கேதான் வலி. லாப்ரடார் மாதிரி காது தொங்கும் நாய்களுக்கு மழைக்காலத்தில் இது அடிக்கடி வரும். மருந்து விட்டு ஆறினால் பழையபடி மடியில் தலை வைக்கும். வயதான நாய் என்றால் மூட்டுவலியாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காய்ச்சல்போலத் தெரிகிறதே என்று பூனைக்குப் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது. ஒரே மாத்திரைகூடக் கொன்றுவிடலாம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனைமேல் விட வேண்டாம். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வரலாம்.

எங்கள் கடுவனுக்கு டியூப் வைத்து மூன்று நாள் கழித்து அனுப்பினார்கள். அன்று இரவு மணலில் உள்ளங்கை அளவு ஈரம். அம்மா தூங்கிக்கொண்டிருந்த எல்லோரையும் எழுப்பிக் காட்டினார்.

அன்புடன்,
ஆசிரியர்