பட்டம் வந்தது; பாரமும் வந்தது!

தம்பி,

நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள். நால்வரும் மாணவர்கள். அரிசியும் பருப்பும் எண்ணெயும் விளக்கும் நான்காக வகுக்கப்படுகின்றன. ஓராண்டு ஓடுகிறது. நால்வரில் ஒருவன் தேர்வில் தேறிப் பட்டதாரி ஆகிறான். வேலை கிடைக்கவில்லை. வேறு வீடு பார்க்க வசதியில்லை. அதே வீட்டில், அதே பாயில் படுக்கிறான். கூரை மாறவில்லை, குழம்பு மாறவில்லை, அவன் சட்டைப்பையும் மாறவில்லை, நேற்றும் காலி, இன்றும் காலி! ஆனால், வீட்டுக் கணக்கு மட்டும் மாறிவிடுகிறது. எப்படி மாறுகிறது, யார் மாற்றுகிறார்கள், அது நியாயந்தானா என்பதைத்தான் இன்று உன்னோடு பேச விரும்புகிறேன்.

இது சின்ன விஷயம், பிள்ளைகளின் விஷயம், அரசியல் ஏட்டுக்கு இது எதற்கு என்று கேட்பாய். டி. கல்லுப்பட்டியிலும் பேரையூர் வட்டாரத்திலும் கரிசல் காட்டில் வெயிலில் வெந்து பிள்ளையைப் படிக்க வைத்த தகப்பனைக் கேட்டுப் பார், இது சின்ன விஷயமா என்று! முன்பு மதுரைக்கு அனுப்பினார்கள். இன்று நகையை விற்று, நிலத்தை ஈடு வைத்து, இலண்டனுக்கே அனுப்புகிறார்கள். அங்கே அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் வரியைப் பற்றி இங்கே அவனுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

இங்கிலாந்தில் கவுன்சில் வரி என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் வீட்டு வரியைப் பேரூராட்சிக்குக் கட்டுபவர் வீட்டுக்குச் சொந்தக்காரர். அங்கே பெரும்பாலும் குடியிருப்பவர் கட்ட வேண்டும். முழுநேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்கு வரி கிடையாது. நல்ல ஏற்பாடு! வருவாய் இல்லாதவனிடம் வரி கேட்காதே என்ற அறநெறி அதிலே இருக்கிறது.

ஆனால் நால்வரில் ஒருவன் படிப்பை முடித்தானோ இல்லையோ, அந்த வீட்டின் விலக்கு முழுவதும் போய்விடுகிறது. மாணவர் மூவரும் கணக்கில் சேருவதில்லை. ஆகவே அங்கே ஒரே ஒரு ஆள்தான் குடியிருப்பதாகச் சட்டம் கருதுகிறது. அதற்காக 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு. மீதி 75 விழுக்காடு? நால்வரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், சட்டப்படி அது அந்தப் பட்டதாரி ஒருவன் தலையில்தான் விழுகிறது. மாணவர்களிடம் நகராட்சி கேட்க முடியாது.

தொகை எவ்வளவு? 2025-26ஆம் ஆண்டுக்கு இங்கிலாந்தில் நான்காம் படிநிலை வீட்டின் சராசரி வரி 2,280 பவுன். முதல் படிநிலை, அதாவது மிகக் குறைந்த மதிப்புள்ள வீடு, அதில் மூன்றில் இரண்டு பங்கு: 1,520 பவுன். இதில் நான்கில் மூன்று பங்கு 1,140. மாதத்துக்கு 95 பவுன். பவுனுக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலே ஆண்டுக்கு ஒரு இலட்சத்துப் பதினாலாயிரம் ரூபாய்! வேலை தேடி அலைபவன் கொடுக்க வேண்டிய தொகை இது.

பட்டமளிப்பு விழாவில் அங்கியணிந்து படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறானே, அந்த நாளிலிருந்துதான் வரி என்று எண்ணாதே. பாடத்திட்டம் முடியும் தேதியோடு மாணவன் என்ற நிலை முடிகிறது. விழா பிறகு வரும். வரிச் சீட்டு முன்னே வந்துவிடும்!

இன்னொரு வேதனையும் உண்டு. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேட, 2021 ஜூலை 1 முதல் பட்டதாரி விசா என்று ஒரு கதவைத் திறந்தார்கள். அந்த விசாவில் இருப்பவன் அரசாங்க உதவி எதையும் பெறக்கூடாது என்பது நிபந்தனை. வருவாய் குறைந்தவர்களுக்கு இதே கவுன்சில் வரியில் தனியாக ஒரு குறைப்பு உண்டு. அதையும் அரசாங்க உதவி என்றே கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே, உள்ளூர் ஏழைக்குக் கிடைக்கும் குறைப்பு நம் பிள்ளைக்குக் கிடையாது. வரி கட்டும்போது நீ இந்நாட்டுக் குடியிருப்பாளன். சலுகை கேட்கும்போது நீ அயலான்! எப்படி இருக்கிறது நீதி?

தம்பி, இந்த வரி எப்படிப் பிறந்தது தெரியுமா? தாட்சர் அம்மையார் ஆண்டபோது, வீட்டின் மதிப்பைப் பார்த்து வாங்கிய வரியை ஒழித்து, தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி கொண்டு வந்தார். 1989இல் ஸ்காட்லாந்தில், 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும். மாளிகையில் வாழும் பிரபுவும் அவர் தெருவைக் கூட்டும் தொழிலாளியும் ஓர் ஊரில் ஒரே தொகை கட்ட வேண்டும். மாணவனையும் விடவில்லை, ஐந்தில் ஒரு பங்கு கொடு என்றார்கள். 1990 மார்ச் 31இல் இலண்டன் டிரபால்கர் சதுக்கம் கொந்தளித்தது. அதே ஆண்டு நவம்பரில் அம்மையார் பதவியை விட்டு இறங்கினார். 1993 ஏப்ரலில் கவுன்சில் வரி வந்தது. மாணவருக்கு முழு விலக்கு அப்போதுதான் கிடைத்தது. மக்கள் எழுந்ததால் வந்த விலக்கு அது!

தலைவரி நமக்குப் புதிதா? கல்லுப்பட்டி வழியாகப் போகும் நெடுஞ்சாலை கொல்லத்தில் போய் முடிகிறது. அந்தக் கொல்லம் இருந்த திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலையை எண்ணி வரி வாங்கினார்கள், மன்னர்கள். மேல்சாதி மாளிகைக்குச் சலுகை, உழைப்பவன் தலைக்கு வரி! வரி யார் மீது விழுகிறது என்று பார்த்தால், ஆட்சி யாருக்காக நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதே கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில், தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார் ஜே. சி. குமரப்பா. தஞ்சையில் 1892இல் பிறந்தவர். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியைப் படித்தவர். 1960 ஜனவரி 30இல் மறைந்தவர். கதரும் இராட்டையும் போதும் என்ற அவர் முகாமோடு நமக்குக் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால், வெள்ளையன் வாங்கிய வரியும் செய்த செலவும்தான் இந்திய வறுமைக்குக் காரணம் என்று வெள்ளையன் கற்றுத் தந்த கணக்கைக் கொண்டே காட்டினாரே, அந்தத் துணிவு நமக்கு வேண்டும். எவனிடம் எடுக்கிறாய், எவனுக்குக் கொடுக்கிறாய் என்ற கேள்வியை இங்கேயும் கேட்போம்.

மின்சாரக் கட்டணத்தைப் பார். 2022 செப்டம்பரில் வந்த பட்டியலின்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரித்த வீட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 510 யூனிட் எரித்தால்? 2,030 ரூபாய்! பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கொடுத்த சலுகையும் பறிபோகிறது; அதுதான் காரணம். முன்பு மாணவனாகப் பகலெல்லாம் கல்லூரியில் இருந்தவன், இப்போது பட்டதாரியாக வீட்டில் விசிறிக்கடியில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போடுகிறான். அந்தப் பத்து யூனிட் அங்கேதான் ஏறுகிறது.

அதே நான்கு பேர் நான்கு தனி வீட்டில் இருந்தால் ஆளுக்கு 127 யூனிட் சொச்சம். நூறு போக மீதிக்கு ஆளுக்கு அறுபது ரூபாய் சொச்சம். நால்வருக்கும் சேர்த்து 250 ரூபாய்க்குள். தனித்தனி வீடு எடுக்க வசதியுள்ளவனுக்கு 250. வசதியில்லாமல் ஒரே வீட்டில் ஒடுங்கிக் கிடப்பவர்களுக்கு 2,030! மீட்டர் வீட்டைப் பார்க்கிறது; வீட்டுக்குள் இருக்கும் வயிறுகளைப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைத்து வசூலிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. அரசு கொடுத்த நூறு யூனிட் இலவசம் குடியிருப்பவனுக்கு வந்து சேருவதே இல்லை.

உதவித் தொகையிலும் இதே பள்ளம். 2022 செப்டம்பரில் புதுமைப்பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போன பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்கள் வந்தன. நாடு போற்றிய திட்டங்கள். ஆனால் பட்டம் பெற்ற மாதத்தோடு அந்த ஆயிரம் நின்றுவிடும். வேலையில்லாப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் தரும் திட்டம் ஒன்றும் உண்டு. கலைஞர் ஆட்சியில் 2006இல் தொடங்கியது. அதைப் பெற, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஆயிரம் நிற்கிறது; அறுநூறு வர ஐந்தாண்டு! இடையிலே அவன் என்ன காற்றையா உண்பான்?

கல்வி கொடுத்த இயக்கம் நம்முடையது. ஆகவே கல்விக்குப் பின்வரும் பள்ளத்தை மூடுவதும் நம் கடமை. பட்டம் பெற்ற முதலாண்டில், வேலை கிடைக்கும் வரையிலாவது, மாணவனுக்குரிய உதவி தொடரட்டும். சேர்ந்து குடியிருப்போரின் மின்கட்டணத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரட்டும். வரியோ சலுகையோ, சான்றிதழைப் பார்த்து அல்ல, சம்பளத்தைப் பார்த்து அமையட்டும்.

அயல்நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடுமுன், பாடம் முடியும் தேதி என்ன, ஒப்பந்தம் முடியும் தேதி என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் போட்டிருக்கும் பங்கு வீடாக இருந்தால் கவுன்சில் வரி வழக்கமாக வீட்டுக்காரர் பொறுப்பு, அதையும் கேட்டறியட்டும். முதலில் தேறியவன் தலையில் எல்லாம் விழுமா, நால்வரும் பகிர்வதா என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளட்டும். நான்காக வகுத்தால் ஆளுக்கு 285 பவுன். சட்டம் மாணவனைக் கட்டாயப்படுத்தாது, தோழமை கேட்கும். இன்று அவன் பட்டதாரி, நாளை நீ!

பட்டம் என்பது நெற்றியில் சூட்டும் மாலை. அதைக் கழுத்தில் கட்டும் கல்லாக்கிவிடாதே என்று ஆள்வோரிடம் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்!