தேர்வுக்கு ஒரு சித்திரம்

நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் சித்திர சபை இருப்பது நம் குற்றாலத்தில்தான். ஓவியத்துக்கே ஒரு சபை கண்ட மண் இது. இன்றோ சித்திரக்கலை கணினியிலும் குடியேறிவிட்டது. திருமண அழைப்பிதழ், பட்டாசுப் பெட்டி, கடை விளம்பரம் என எங்கும் டிசைன் கலைஞரின் கைவண்ணமே. நம் தோழியருள் சிலரும் நாளை இத்தொழிலை நாடலாம். வேலைக்கோ பயிற்சிக்கோ விண்ணப்பித்தால், "ஒரு டிசைன் செய்து காட்டுங்கள்" என்பார்கள். அச்சோதனையை எப்படி அணுகுவது?

முதலாவது, வரையும் முன் சிந்திக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு, ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டி இந்திய அரசு போட்டி நடத்தியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது, தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வரைந்ததை. தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் இணைத்து, மேலே இரு கோடுகள் இட்டார் அவர். ஒவ்வொரு கோட்டுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. ஆகவே அழகாக வரைந்தால் மட்டும் போதாது. யாருக்காக, எதற்காக என்று கேட்டறிந்து வரைந்து, ஏன் அப்படி வரைந்தோம் என்பதையும் சில வரிகளில் எழுதித் தர வேண்டும்.

இரண்டாவது, நிபந்தனைகளை அறிய வேண்டும். அப்போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்த ஐவருக்கும் தலா 25,000 ரூபாய், வென்றவருக்கு இரண்டரை லட்சம் என்று முன்னரே அறிவித்திருந்தார்கள். ஆனால் வேலைச் சோதனைகள் எல்லாம் இப்படி இருப்பதில்லை. அச்சுக்கு அனுப்பும் அளவுக்கு நாலைந்து டிசைன்களை முடித்துத் தரச் சொல்லிவிட்டு, பிறகு பதிலே போடாத இடங்களும் உண்டு. திறமையை அறிய ஒரு சிறு மாதிரி போதாதா? அதற்கு மேல் கேட்பது சோதனையா, கூலியில்லா வேலையா?

தொழிலாளியின் கூலியைப் பறிப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என மறைக்கல்வியில் படிக்கிறோம். நியாயமான கூலியைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே வலியுறுத்தினார். 1971இல் அமெரிக்க மாணவி கரோலின் டேவிட்சன் 'நைக்கி' நிறுவனத்தின் சின்னத்தை 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார். 1983இல் அந்நிறுவனமே அவரை அழைத்துப் பங்குகள் அளித்துப் பெருமைப்படுத்தியது. எல்லா முதலாளிகளும் அப்படி நினைவு வைத்திருப்பார்களா?

"வேலை கேட்கப் போகிறவள் கேள்வி கேட்கலாமா?" என்று பெற்றோர் அஞ்சலாம். பணிவு வேறு, பயம் வேறு. "எத்தனை நாளில் தர வேண்டும்? இதை நீங்கள் பயன்படுத்தினால் ஊதியம் உண்டா?" என்று மரியாதையுடன் கேட்பதில் தவறில்லை. நல்ல நிறுவனம் அக்கேள்வியை மதிக்கும். கோபிக்கும் நிறுவனமோ, தன் குணத்தை முதல் நாளே நமக்குக் காட்டிவிடும்.

தோழியரே, திறமை இறைவன் தந்த தாலந்து. அதைப் புதைக்கவும் வேண்டாம், ஏமாந்து இழக்கவும் வேண்டாம்.