கண்ணாடிக்காக மட்டுமா கண் பரிசோதனை?

சென்ற மாதம் சீனி வருத்தமுள்ளவர்களின் கால் பராமரிப்புப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் அனுப்பியிருக்கிறார். "கண்ணாடிக் கடையில் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் போய்விடுகிறது. கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். அன்றைக்குச் சமையலும் இல்லை, ஓதலும் இல்லை. அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். என் சாச்சியும் இதையே சொல்லிச் சொல்லித்தான் பல வருடங்கள் தட்டிக் கழித்தார்.

சாச்சிக்கு 62 வயது. சந்தையில் வாங்கிய ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குர்ஆன் ஓதுவார். "எனக்கு கண்ணுல ஒரு வருத்தமும் இல்ல மகள். எழுத்தெல்லாம் முத்து முத்தாத் தெரியுது" என்பார். நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையைத் தட்டிவிடுவதும் மட்டும் அடிக்கடி நடக்கும். அவசரக்காரி என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் நானே வற்புறுத்திக் கண் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றேன்.

முதலில் கேள்விகள். சீனி, பிரஷர் உண்டா? என்ன மருந்து பாவிக்கிறீர்கள்? குடும்பத்தில் யாருக்காவது பார்வை போயிருக்கிறதா? மருந்துச் சீட்டுகளையும் பழைய கண்ணாடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பார்மசியில் நீங்களாகக் கேட்டு வாங்கி விட்ட துளி மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள். கண் சிவப்புக்கென்று வாங்குகின்ற சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். அதை நீண்ட நாட்கள் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிடும். அன்றைக்குச் சுருமா இட்டுக்கொண்டு போகவும் வேண்டாம்.

அடுத்தது எழுத்துப் பலகை. 1862இல் ஒல்லாந்து கண் வைத்தியர் ஸ்னெலன் அமைத்த முறை இது. ஆறு மீற்றர் தூரத்திலிருந்து ஒவ்வொரு கண்ணாக வாசிக்க வேண்டும். 6/18 என்று எழுதினால், நல்ல கண் 18 மீற்றரில் காண்பதை நீங்கள் 6 மீற்றருக்குக் கிட்டே வந்துதான் காண்கிறீர்கள் என்று பொருள். இங்கிலிஷ் எழுத்துத் தெரியாதே என்று கூச்சப்படத் தேவையில்லை. 'ஈ' எழுத்தைப் பல பக்கம் திருப்பி வைத்த பலகை உண்டு. அதன் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும். முன்னால் போனவர் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்புவிப்பவர்களும் இருக்கிறார்கள். இது பரீட்சை அல்லவே!

தெரியாவிட்டால் சிறு துளையிட்ட ஒரு மூடியினூடாகப் பார்க்கச் சொல்வார்கள். அதில் தெளிவானால் பெரும்பாலும் கண்ணாடியால் சரிவரும். தெளியாவிட்டால் குறை வேறெங்கோ இருக்கிறது. பிறகு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு "இதுவா, அதுவா தெளிவு?" என்பார்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அப்படியே சொல்லிவிடுங்கள். கடையில் பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான். இதுவரை சாச்சிக்கு ஒரு குறையுமில்லை. கண்ணாடியுடன் 6/9 வாசித்துவிட்டு, "நான் செல்லல்லியா?" என்பதுபோல என்னைப் பார்த்தார்.

பிறகு டொக்டர் எதிரே அமர்ந்து ஒரு கண்ணை மூடச் சொன்னார். தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, ஓரங்களில் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். வலது கண்ணால் பார்க்கும்போது பாதி விரல்களைச் சாச்சி காணவேயில்லை. இடது கண்ணிலும் சில தவறின.

அடுத்து, நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் சாய்த்து, மெல்லிய ஒளிக்கீற்றால் கருவிழியையும் வில்லையையும் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி. கண்புரை இருந்தால் இதில் தெரியும். முகத்திரை அணியும் சகோதரிகள் அதை இந்த நேரம் விலக்க வேண்டியிருக்கும். பெண் வைத்தியர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரிக்கலாம், துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துச் செல்லலாம். ஸ்கார்ஃபை எடுக்க வேண்டியதில்லை.

கண்ணை மரத்துப்போகச் செய்யும் ஒரு துளியும் மஞ்சள் சாயமும் இட்டு, நீல ஒளியில் கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். நோவில்லை. சில இடங்களில் காற்றை ஊதி அளப்பார்கள், அதற்குத்தான் திடுக்கிடும். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும். சாச்சிக்கு வலதில் 32, இடதில் 27.

அதன்பின்தான் சகோதரி அலுத்துக்கொள்கின்ற அந்த மருந்து. கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் விரிய அரை மணித்தியாலம் போல எடுக்கும். பிறகு நாலைந்து மணித்தியாலம் கிட்டத்து எழுத்து மங்கலாகவும் வெயில் கூச்சமாகவும் இருக்கும். கறுப்புக் கண்ணாடி கொண்டு போங்கள், வாகனம் ஓட்ட வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் கண் கடுமையாக நொந்து, சிவந்து, வாந்தியும் வந்தால் மட்டும் தாமதிக்காமல் திரும்பிப் போக வேண்டும். இது மிக அரிது. அந்த வட்டம் ஒரு ஜன்னல் மாதிரி. திறந்தால்தான் பின்னாலுள்ள விழித்திரையையும் பார்வை நரம்பையும் முழுமையாகப் பார்க்க முடியும். உடம்பை வெட்டாமல் இரத்தக் குழாய்களை நேராகப் பார்க்கக்கூடிய இடம் இது. சீனியால் வரும் கசிவுகள், பார்வை நன்றாக இருக்கும்போதே இங்கு தெரிய ஆரம்பித்துவிடும். சீனி வருத்தமுள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். சீனியுடன் கர்ப்பமாகும் சகோதரிகள் முதல் மாதங்களிலேயே செய்துகொள்ள வேண்டும்.

சாச்சிக்கு குளுக்கோமா. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற வருத்தம். நோவு இல்லை, சிவப்பு இல்லை. ஓரங்களைத்தான் முதலில் தின்னும். நடுப் பார்வை கடைசி வரை இருப்பதால் எழுத்து முத்து முத்தாகவே தெரியும்!

"போனது திரும்பி வராது, உம்மா. இருப்பதைக் காப்பாற்றலாம். தினமும் இந்தத் துளியை விட வேண்டும்" என்றார் டொக்டர். சாச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு வருஷத்துக்கு முந்தி வந்திருந்தா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்" என்றார்.

வரும் வழியில் அவருடைய கவலை நோன்பைப் பற்றியது. பகலில் துளி விட்டால் நோன்பு முறிந்துவிடுமோ என்று நம்மில் பலர் ரமழான் முழுக்க மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் கண்ணில் இடும் மருந்து நோன்பை முறிக்காது, தொண்டையில் கசப்புத் தெரிந்தாலும் சரியே. எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்தும் அதையே சொன்னார். சாச்சி அந்த ரமழானில் ஒருநாளும் தவறவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இந்த வருத்தம் பெற்றார், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நாற்பது வயதைத் தாண்டிய எவரும், கண்ணில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும், ஒருமுறை முழுமையாகப் பார்த்துக்கொள்வது நல்லது. சாச்சியின் ராத்தாதான் என் உம்மா. அவருக்கும் எனக்கும் வருகிற புதன்கிழமை கிளினிக். இருவருக்கும் மருந்து விடுவார்கள் என்பதால் அன்றைய பகல் சோறு நானாவின் வீட்டிலிருந்து வருகிறது.